காலை ஐந்து நாற்பது

என்ன தொழில்னுதான கேட்டீக? கம்ப்யூட்டர் ஜோசியம் அண்ணாச்சி. கையை நீட்டாதீக, நான் ரேகை பாக்குற ஆளு இல்ல. பிறந்த தேதி, நேரம், ஊரு, இந்த மூணையும் மெஷின்ல தட்டுனா அதுவே கட்டம் போட்டுக் குடுத்துரும். தட்டுறது மட்டுந்தான் என் வேலை. அந்தத் தட்டுறதுலதான் மண்ணை அள்ளிப் போட்டேன். என் தலையில போட்டிருந்தாலும் பரவாயில்ல, ஒரு பொம்பளப்பிள்ள தலையில போட்டுட்டேன்.

விருதுநகர்ல ஏறும்போது யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னுதான் உக்காந்தேன். நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நல்லது. நான் கோவில்பட்டியில எறங்கிருவேன், அப்புறம் என் மூஞ்சிய நீங்க பாக்கப் போறதில்ல. கொஞ்ச நேரத்துல ஒரு பிள்ள எனக்குப் போன் பண்ணும். போன இடத்துல என்ன சொன்னாகன்னு கேக்கும். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. யார்கிட்டயாவது கொட்டணும்போல இருக்கு.

பிள்ளன்னு சொல்றேன், அவளுக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு. செண்பகவல்லின்னு பேரு. எங்கூர் அம்மன் பேரு. அவ அப்பா கோமதிநாயகம் தீப்பெட்டி ஆபீஸ்ல எடை போடுற வேலை பாத்தாரு. எனக்குக் கூட்டாளி. பொண்டாட்டி சின்ன வயசுலயே தவறிட்டா, ஒத்தைப் பிள்ளைய வச்சுக்கிட்டு மறு கல்யாணம் பண்ணாம இருந்த மனுஷன். அவர் மேல எனக்கு உசுரு. இதை முதல்லயே சொல்லிக்கிடுறேன், ஏன்னா பின்னாடி நான் சொல்லப்போறதைக் கேட்டா நீங்க நம்ப மாட்டீக.

நான் முதல்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் வச்சிருந்தேன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் ரெண்டும் பாஸ். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன், ஒரு எழுத்து பிசகாது. செண்பகமும் என்கிட்டதான் டைப் படிச்சா. இன்னிக்கு அவ பத்திர ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருக்கான்னா அது நான் போட்ட சோறு. சரி, அப்படிச் சொல்லக்கூடாது. விடுங்க. டைப்ரைட்டருக்கு ஆளு வராமப் போனதும் கம்ப்யூட்டர் வாங்கி, ஜோசிய புரோகிராம் போட்டு உக்காந்தேன். கூடவே ஒரு ஸ்கேனரும் வாங்கினேன். ஜாதகம் எழுத வர்றவுக துண்டுச்சீட்டுல பிறந்த நேரம் எழுதிக் கொண்டாருவாக பாருங்க, அதை ஸ்கேன் பண்ணி மெஷின்லயே வச்சுக்கிட்டு சீட்டைக் கிழிச்சிருவேன். கடை சுத்தமா இருக்கணும் எனக்கு.

செண்பகத்துக்கு இருபத்தோரு வயசு இருக்கும்போது கோமதிநாயகம் வந்தாரு. "ஏ சுடலைமணி, பிள்ளைக்கு மாப்பிள்ள பாக்கப் போறேன், நல்லபடியா ஒரு ஜாதகம் அடிச்சுக் குடுப்பா"ன்னாரு. எடைச் சீட்டுக்குப் பின்பக்கம் பென்சில்ல எழுதிக் கொண்டாந்திருந்தாரு. நான் அடிச்சேன். பேசிக்கிட்டே அடிச்சேன். அந்த புரோகிராம்ல ஒரு கொணம் உண்டு. முந்தின ஆளுக்கு முற்பகல் போட்டிருந்தா முற்பகல், பிற்பகல் போட்டிருந்தா பிற்பகல், அதுபாட்டுக்கு அப்படியே நிக்கும். நாமதான் பாத்து மாத்தணும். எனக்கு முன்னாடி ஒரு சிமெண்டுக்கடைக்காரர் மகனுக்கு அடிச்சிருந்தேன், அவன் சாயங்காலம் பிறந்தவன். புரியுதா அண்ணாச்சி? நான் மாத்தல. என்டரைத் தட்டிக்கிட்டே போயிட்டேன். இது அன்னிக்கு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

கட்டம் வந்துச்சு. நாலுல செவ்வாய். தோஷம். கோமதிநாயகம் மூஞ்சி தொங்கிப் போச்சு. "என்னப்பா இது?"ன்னாரு. "இருக்கிறதைத்தான மெஷின் சொல்லும்?"னு சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் என் வாயில கசக்குது.

நீங்க கேப்பீக, பிறந்த நேரம் ஜாதகத்துல போட்டிருக்குமே, யாருமே பாக்கலையான்னு. போட மாட்டேன் அண்ணாச்சி. ஒரே தாளு, அதுல கட்டமும் தசா இருப்பும் நட்சத்திரமும் மட்டுந்தான் இருக்கும். நேரம் போட்டுக் குடுத்தா வேற ஜோசியன்கிட்ட போயிருவாக. நேரம் என் மெஷின்ல இருந்தா எதுக்கும் என்கிட்டதான வரணும்? தொழில் பண்றவன் எல்லாரும் செய்றதுதான் இது. நான் மட்டும் பண்ணல.

அப்புறம் என்ன, பதினஞ்சு வருஷம் வரன் பாத்தாரு. ஏழு வீட்டுல இருந்து வந்து பாத்தாக. பஜ்ஜி கேசரி எல்லாம் சாப்பிட்டுட்டுப் போயி, "ஜாதகம் சரியில்ல"ன்னு சொல்லி விட்டாக. பரிகாரம் பண்ணுவோம்னு நாந்தான் சொன்னேன். ஆத்தங்கரைக் கோயில்ல வாழை மரத்துக்கும் அவளுக்கும் கல்யாணம். புதுப்பட்டு கட்டி, மாலை போட்டு, மரத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சு, ஐயர் தாலி கட்டிவிட்டாரு. உடனே மரத்தை வெட்டிச் சாய்ச்சுட்டு, தாலியக் கழத்தி ஆத்துல போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்துனாக. புருஷன் செத்த மாதிரி. அவகூடப் படிச்ச பிள்ளைக ரெண்டு பேரு அன்னிக்குச் சாமி கும்பிட வந்துருக்காக. கையை வாயில பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. கோமதிநாயகம் படிக்கட்டுல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நான் பக்கத்துல உக்காந்து தோள்ல தட்டிக் குடுத்தேன். நான்!

மனுஷன் மூணு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டாரு. சாகுறப்போ, "என் வயித்துல பிறந்த தோஷந்தானப்பா"ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனாரு.

இந்தப் பங்குனியில இடி விழுந்து என் கடைக் கம்ப்யூட்டர்ல மதர்போர்டு போச்சு. ஜெசிந்தான்னு ஒரு பொம்பள, பத்திர ஆபீசுக்கு அடுத்தாப்புல சர்வீஸ் கடை வச்சிருக்கு. கெட்டிக்காரி. புது போர்டு, புது டிஸ்க்கு எல்லாம் மாட்டிக் குடுத்துருச்சு. பழைய டிஸ்க்கு ரெண்டையும் பாலித்தீன் பையில போட்டு, "இதைப் பரண்ல போடுங்க சார், புது போர்டுல இது சேராது"ன்னுச்சு. நானும் பரண்லதான் போட்டேன். அப்படியே கெடந்திருந்தா எவனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

ஒரு வாரத்துல செண்பகம் வந்து நின்னா. "மாமா, விளாத்திகுளத்துல ஒரு வாத்தியார். சம்சாரம் இல்ல. அவருக்கும் செவ்வாய் தோஷமாம், அதனாலதான் என்னைக் கேக்காக. அவுக ஜோசியருக்கு நான் பிறந்த நேரம் வேணுமாம். அப்பாவுக்குத்தான் தெரியும், அப்பா இல்ல. உங்க மெஷின்ல இருக்குமே மாமா"ன்னா. எத்தனையோ வருஷம் கழிச்சு அவ மூஞ்சியில ஒரு தெளிச்சி. எனக்குச் சந்தோஷந்தான், பொய் சொல்லல. "எப்பாடு பட்டாவது எடுத்துத் தாரேன் தாயி"ன்னு சொல்லி, பரண்ல ஏறிப் பையத் தூக்கிக்கிட்டு ஜெசிந்தா கடைக்கு ஓடினேன்.

அது பழைய காலத்து டிஸ்க்கு. அகலப் பட்டை ஒயர் சொருகணும், புது போர்டுல அதுக்கு வாயே கெடையாது. ஜெசிந்தா ஒரு சின்னப் பெட்டியில மாட்டி, அதுவழியா அவ கம்ப்யூட்டர்ல கொடுத்துப் பாத்துச்சு. முதல் டிஸ்க்கு பல்லி சொல்ற மாதிரி டிக் டிக்குன்னுச்சு, "இது போச்சு சார்"னு ஓரமா வச்சிருச்சு. ரெண்டாவது சுத்துச்சு. ஆனா திறந்தா ஒண்ணுமே இல்ல, காலி. எனக்கு வேர்த்துருச்சு. "பயப்படாதீங்க சார், அட்டவணைதான் அழிஞ்சிருக்கு, பக்கம் பக்கமாத் தேடி எடுக்கலாம்"னு சொல்லிட்டு ஒரு புரோகிராமை ஓட விட்டுச்சு. மூணு நாள் ஓடுச்சு. எல்லாம் வந்துச்சு, ஆனா பேரு எதுவும் வரல, வெறும் நம்பர்தான். ஆயிரத்து எண்ணூறு துண்டுச்சீட்டுப் படம். நானே உக்காந்து ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் கிடைச்சிருச்சு. எடைச் சீட்டு, பென்சில் எழுத்து, கோமதிநாயகம் கையெழுத்து. அவரே எதுக்க வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. 'காலை 5.40'ன்னு எழுதியிருந்தாரு. காலைங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு வேற போட்டிருந்தாரு பாவி மனுஷன். ஜெசிந்தா அதுக்குள்ள என் பழைய புரோகிராமை வேற ஒரு மெஷின்ல ஓட வச்சிருந்துச்சு. "சார், இந்தச் சீட்டுல காலைன்னு இருக்கு, உங்க ஃபைல்ல பிற்பகல்னு இருக்கே, எது சரி?"ன்னு கேட்டுச்சு. அது சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொம்பள, அதுக்கு இதோட அர்த்தம் தெரியாது. "ரெண்டும் அஞ்சு நாப்பதுதான, ஒண்ணுதாம்மா"ன்னு சொல்லிட்டேன்.

கடைக்கு வந்து கதவைச் சாத்திட்டு, காலைன்னு போட்டு அடிச்சேன். செவ்வாய் பத்துல. பத்துல செவ்வாய் இருந்தா ராஜா மாதிரி. உத்தியோகத்துக்கு அவ்வளவு நல்லது. தோஷம் கெடையாது. எந்தக் காலத்துலயும் அந்தப் பிள்ளைக்குத் தோஷம் கெடையாது. வாழை மரத்துக்குப் பக்கத்துல நிறுத்தினோமே, அது எதுக்கு?

மறுநாள் அவ வந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிஸ்க்கு போச்சு தாயி, ஒண்ணுமே வரல"ன்னு சொன்னேன். ஏன்னு கேளுங்க. வாத்தியாருக்குத் தோஷம், அவளுக்கும் தோஷம்னுதான் சம்பந்தம் பேசுறாக. அவளுக்குத் தோஷம் இல்லன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னு போகும்ல? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்ளதைச் சொல்லணும்னா, என் நெனப்பு பூராவும் கடை போர்டு மேலதான் இருந்துச்சு. ஊரு காறித் துப்புமேன்னுதான் இருந்துச்சு.

சரி மாமான்னுட்டுப் போயிட்டா. போனவ ஜெசிந்தா கடையில ஏறியிருக்கா. அவ ஆபீசுக்கு அடுத்த கடைதான அது, ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கிறவுக. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. "ஒண்ணுமே வரலையாமே"ன்னு இவ கேக்க, "யார் சொன்னா, உங்கப்பா எழுத்தே வந்துச்சே"ன்னு அது எடுத்துக் காட்டியிருக்கு. அப்பன் எழுத்தைப் பாத்ததும் இவ கண்ணுல ஒத்திக்கிட்டாளாம். பெறகு ஃபைலைப் பாத்திருக்கா. நாளு பூராவும் சர்வே நம்பரையும் நாலு எல்லையையும் மூலப் பத்திரத்தோட ஒப்பிட்டுப் பாக்குறவ அவ. அவ கண்ணுல இருந்து தப்புமா?

திரும்பி வந்தா. கத்தல, அழுவல. அந்தச் சீட்டை பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்து என் மேசையில வச்சா. "ஒப்பிட்டுப் பாக்கலையா மாமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. நாந்தான அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்தேன், அடிச்சு முடிச்சதும் மூலத்தோட ஒப்பிட்டுப் பாருன்னு. நான் எந்திரிச்சு அவ கால்ல விழப் போனேன். தள்ளிப் போயிட்டா. "விழாதீக. எங்கப்பா ஏழு வீட்டு வாசல்ல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. அதே ஏழு வீட்டுக்கும் நீங்க போகணும். பொண்ணு மேல குத்தமில்ல, நான் அடிச்சதுதான் குத்தம்னு சொல்லணும். அவுக என்ன சொன்னாகன்னு எனக்கு அன்னன்னைக்கே சொல்லணும். கூட்டாம குறைக்காம சொல்லணும்"னா. வாத்தியார் வீட்டுக்கு அவளே போன் போட்டுச் சொல்லிட்டா. அவுக வேண்டாம்னுட்டாக. இவ்வளவு பிடிவாதம் ஆகுமா ஒரு பொம்பளைக்கு? அவ சும்மா இருந்திருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்.

இல்ல, நான் சொல்றது தப்புதான். தெரியுது.

ஆறு வீடு போயிட்டேன். ஒரு வீட்டுல வாசல்லயே நிக்க வச்சு, "எம்மகன் அந்தப் பிள்ளையக் கட்டியிருந்தா இப்படிக் குடிச்சு அழிஞ்சிருக்க மாட்டானே"ன்னு ஒரு கிழவர் அழுதாரு. ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாக. எட்டயபுரத்துல ஒரு வீட்டுல நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, "அதை விடுங்க, பேத்திக்கு ஒரு ஜாதகம் எழுதணும்"னு பிறந்த நேரம் குறிச்சுக் குடுத்தாக. வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா, வாங்கி வச்சிருக்கேன். எல்லாத்தையும் அவகிட்ட அப்படியே சொன்னேன். நாயை அவுத்து விட்டதைச் சொன்னப்போ லேசாச் சிரிச்சா.

இன்னிக்குப் போனது ஏழாவது. விருதுநகர்ல பருப்பு மில்லு வச்சிருக்காக. பையன் பேரு காளிராஜன். இந்த ஏழு பேர்ல அவளுக்குப் பிடிச்சவன் இவன்தான். சொல்லமாட்டா, ஆனா எனக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கை கழுவக் குழாயடிக்கு வந்தவன், "நிமிஷத்துக்கு எத்தன வார்த்தை அடிப்பீக?"ன்னு அவகிட்டக் கேட்டிருக்கான். ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசியிருக்காக. கோமதிநாயகம் என்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனாரு. அந்த வீட்டுல இருந்து 'ஜாதகம் பொருந்தல'ன்னு சேதி வந்தப்போ, அவ ரெண்டு நாளு சாப்பிடல. காலையில நான் பஸ் ஏறும்போது அவளே ஸ்டாண்டுக்கு வந்தா. "அவர் வீட்டுல இருந்தாருன்னா, அவர்கிட்டயே சொல்லுங்க மாமா"ன்னா. அவ கழுத்தெல்லாம் வேர்த்திருந்துச்சு.

அவனும் இருந்தான், ஆத்தாக்காரியும் இருந்தாக. நல்லா உக்கார வச்சு மோர் குடுத்தாக. நான் முழுசும் சொல்லி முடிச்சேன். அந்தம்மா சிரிச்சாக அண்ணாச்சி. "ஜோசியரே, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? நாங்க அந்த ஜாதகத்தைப் பிரிச்சே பாக்கலையே. தாயில்லாத பிள்ள, நாளைக்குப் பேறுகாலம் பாக்கக்கூட நாதி கெடையாது. நெறமும் கம்மி. பல்லு வேற எடுப்பு. இதையெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? ஜாதகம்னு சொன்னா யாருக்கும் மனசு நோகாதுல்ல"ன்னாக. நான் அவனைப் பாத்தேன். செல்போனை நோண்டிக்கிட்டு இருந்தவன் நிமிந்து, "எந்தப் பொண்ணும்மா? அந்தப் பல்லுக்காரியா?"ன்னு கேட்டான்.

இப்ப சொல்லப்போறதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணாச்சி. ஆமா, சந்தோஷம். பாரத்தை எறக்கி வச்ச மாதிரி. என்னால இல்ல! இந்த வீட்டுக்காவது நான் காரணம் இல்ல! அந்த ஆறு வீட்டுலயும் இதே கதைதானோ என்னவோ! இதை ஓடிப்போயி அவகிட்டச் சொல்லணும், பாத்தியா தாயி, மாமா மேல மட்டும் குத்தமில்லன்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு வேகவேகமா ஸ்டாண்டுக்கு நடந்தேன். டிக்கெட் எடுத்து உக்காந்த பெறகுதான் உறைச்சுச்சு. இதைச் சொன்னா நான் தப்பிச்சிருவேன், அவ என்ன ஆவா? இருபது வருஷமா அந்த அஞ்சு நிமிஷத்தை வச்சுக்கிட்டு இருக்கா. தோஷம்தான் கெடுத்துச்சுன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டா, இப்ப இந்தப் பாவி கெடுத்தான்னு தேத்திக்கிடுறா. அதையும் புடுங்கிட்டு, உன்னைப் பிடிக்கலம்மா, உன் பல்லைப் பிடிக்கலம்மான்னு சொல்லட்டுமா? கூட்டாம குறைக்காம சொல்லணும்னு வேற கேட்டிருக்கா. நேரத்தை மறைச்சுத்தான் இம்புட்டும் ஆச்சு. இன்னொரு தடவை மறைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

அவ கூப்பிடுறதுக்குள்ள சொல்லுங்க அண்ணாச்சி.

அய்யோ, அடிக்குது. அவதான்.

ஹலோ... ஆமா தாயி, பஸ்லதான் வாரேன். சாத்தூர் தாண்டியாச்சு... பாத்தேன். அவரும் இருந்தாரு... இருக்காம, நல்லா ஞாபகம் இருக்காம். குழாயடியில பேசினதையே அவராத்தான் சொன்னாரு... நிமிஷத்துக்கு எத்தன வார்த்தைன்னு கேட்டேன்னாரு... இல்லம்மா. வேற காரணம் ஒண்ணும் சொல்லல. வேற என்ன இருக்கு சொல்றதுக்கு? உன்னை ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம். ஜாதகத்துக்குப் பயந்துதான் ஆத்தாக்காரி வேண்டாம்னுட்டாகளாம்... ஆமா... ஆமா தாயி, என்னாலதான். நான் ஒழுங்கா அடிச்சிருந்தா இன்னிக்கு நீ அந்த வீட்டுல இருந்திருப்ப... அழுவாத. திட்டு, நல்லாத் திட்டு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... செண்பகம்? ஏ செண்பகம்...

வச்சிட்டா.

உண்மை தெரிஞ்ச அன்னிக்குக்கூட மாமான்னுதான் கூப்பிட்டா அண்ணாச்சி. இப்ப 'டேய்'னு கூப்பிட்டா. "டேய், நீ வெளங்குவியாடா"ன்னு கேட்டுட்டு வச்சிட்டா.